அத்தை தட்டில் எந்தக் கிழமைக் குழம்பு?

கேள்வி: எங்கள் ஃப்ரிட்ஜ் ஒற்றைக் கதவு, வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. கொஞ்ச நாளாகத் திறந்தாலே ஒரு வாடை. எலுமிச்சம்பழம் வெட்டி வைத்தேன், சோடா உப்பு வைத்தேன், போகவில்லை. ஃப்ரீசரில் ஐஸ் மலையாகச் சேருகிறது. காய்கறி டிரேக்கு அடியில் தண்ணீர் நிற்கிறது. வேலைக்குப் போகிறவள் என்பதால் ஞாயிற்றுக்கிழமையே மூன்று நாளுக்குச் சேர்த்துக் குழம்பு வைத்துவிடுவேன். மிஞ்சுவதை அத்தை சாப்பிட்டுக்கொள்வார், எதுவும் வீணாவதில்லை. பேசாமல் புது ஃப்ரிட்ஜ் வாங்கிவிடலாமா?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: வாங்காதீர்கள். புதிதிலும் இரண்டே மாதத்தில் இதே வாடை வரும்.

ரிப்பேர் சமாசாரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஐஸ் அரை சென்டிமீட்டர் ஏறினாலே டிஃப்ராஸ்ட் பட்டனை அமுக்குங்கள். கத்தியால் குத்திப் பெயர்த்தால் ஃப்ரீசர் சுவருக்குள் ஓடும் குழாய் ஓட்டையாகி கேஸ் போய்விடும். உள்ளே பின்சுவரின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் கறிவேப்பிலைக் காம்பு ஒன்று சிக்கினால் போதும், தண்ணீர் டிரேக்கு அடியில் வந்து நிற்கும். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது; வெளிக்காற்று உள்ளே புகுந்துதான் ஐஸ் அப்படிச் சேருகிறது. பிறகு, பின்பக்கம் கம்பிரஸர் மேல் இருக்கிற தண்ணீர்த் தட்டு. டெங்குக் கொசு முட்டையிடுகிற இடம் அது. ஆறு வருஷத்தில் ஒரு தடவையாவது கழுவினீர்களா?

இனி அந்த ஒரு வரிக்கு வருகிறேன். "மிஞ்சுவதை அத்தை சாப்பிட்டுக்கொள்வார்."

எவ்வளவு லேசாக எழுதிவிட்டீர்கள்! ஞாயிறு வைத்த குழம்பு செவ்வாய் வரை உங்களுக்கு. அப்படியானால் புதனும் வியாழனும் அத்தைக்கு. வாடை தாங்க முடியவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். வாடை வருகிற கிண்ணத்தை அவர் முன்னால் வைக்கிறீர்கள்.

"அவரேதான் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்" என்பீர்கள். எத்தனையோ கடிதங்களில் படித்த பதில் இது. அந்தத் தலைமுறை கேட்கத்தான் செய்யும். என் அம்மாவும் "எனக்கு இது போதும்டி" என்று பழைய கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். நாங்களும் விட்டோம். விட்டிருக்கக் கூடாது.

பழையது சாப்பிட்டு வளர்ந்த உடம்பு என்றும் சொல்லாதீர்கள். ராத்திரி நீர் ஊற்றி வைத்த சோறு மறுநாள் காலையிலேயே தீர்ந்து சட்டி கழுவியாகிவிடும். வியாழக்கிழமை வரை எந்த வீட்டில் வைத்திருந்தார்கள்?

ஃப்ரிட்ஜ் கிருமியைக் கொல்வதில்லை, அதன் வளர்ச்சியைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். லிஸ்டீரியா என்கிற கிருமி 4 டிகிரிக் குளிரிலும் வளரும். உங்களுக்கும் எனக்கும் வயிற்றுப்போக்கோடு போகக்கூடியது, 65 தாண்டியவர்களுக்கு ரத்தத்தில் கலந்து உயிருக்கே உலை வைக்கும். வெளியில் கிடந்த சோற்றில் வேறொரு கிருமி விடுகிற நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. ஆகவே "சூடு பண்ணித்தானே கொடுக்கிறேன்" என்பதும் செல்லாது.

மொத்தமாகச் சமைப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இறக்கி 2 மணி நேரத்துக்குள் ஒருவேளைக்கு ஒரு கிண்ணமாகப் பிரித்து உள்ளே வையுங்கள். மூடியில் கிழமையை எழுதி ஒட்டுங்கள். ஒரு கிண்ணத்தை ஒரு தடவைதான் சூடாக்கலாம். மூன்று நாள் தாண்டியதைக் கொட்டுங்கள், மனசு கேட்காவிட்டாலும்.

இன்னொன்று. கடிதம் முழுக்கத் தேடிவிட்டேன், உங்கள் கணவரைக் காணோம். அத்தை அவரைப் பெற்றவர்தானே? அம்மா என்ன சாப்பிடுகிறாள் என்று பார்ப்பது மகனுக்கும்தான் கடமை. டிஃப்ராஸ்ட் பட்டனை அமுக்க அவர் விரலும் போதும்.

இந்த ஞாயிறு குழம்பு இறங்கியதும் முதல் கரண்டி அத்தை தட்டுக்குப் போகட்டும். செவ்வாய்க்கிழமை மிச்சத்தைக் கணவர் தட்டில் ஊற்றிப் பாருங்கள். அடுத்த வாரம் அந்த ஃப்ரிட்ஜில் ஒரு கிண்ணம்கூட மிஞ்சாது.