அக்காவுக்குப் புற்றுநோய், எனக்கும் மரபணுப் பரிசோதனை வேண்டுமா?

கேள்வி: என் அக்காவுக்கு (46) சினைப்பையில் புற்றுநோய். ஆபரேஷனும் கீமோவும் முடிந்துவிட்டன. இப்போது ‘பிஆர்சிஏ’ என்று ஒரு பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நோய்தான் தெரிந்துவிட்டதே, இது எதற்கு? அம்மா வழியில் யாருக்கும் புற்றுநோய் இல்லை. நானும் எடுக்க வேண்டுமா? – ஒரு வாசகி

பதில்: அக்கா எடுக்கட்டும், தள்ளிப்போட வேண்டாம். அடுத்து என்ன மருந்து என்பதே அந்த ரிப்போர்ட்டைப் பொறுத்திருக்கிறது.

நம் ஒவ்வொரு செல்லிலும் தினமும் பல்லாயிரம் இடங்களில் டிஎன்ஏ சேதமாகிறது. வெயிலும் புகையும்தான் காரணம் என்றில்லை. உடம்பிலுள்ள தண்ணீரும் ஆக்சிஜனுமே போதும். பெரும்பாலானவற்றைச் செல்லே பழுதுபார்த்துக்கொள்கிறது. அந்த வேலை எப்படி நடக்கிறது என்று விளக்கிய தாமஸ் லிண்டால், பால் மாட்ரிச், அஜீஸ் சான்ஜார் மூவருக்கும் 2015இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

டிஎன்ஏவுக்கு இரண்டு இழைகள். ஒன்று அறுந்தால் ‘பார்ப்’ என்ற புரதம் சரிசெய்ய உதவும். இரண்டுமே அறுந்தால், பிசகாமல் சேர்க்க பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரண்டு மரபணுக்கள் வேண்டும். இவற்றில் ஒன்றில் கோளாறோடு பிறந்தவர்களுக்கும் அப்பா, அம்மா தந்த இரண்டு பிரதிகளில் ஒன்று நன்றாகவே இருக்கும். அதை வைத்து உடம்பு சமாளித்துவிடும். ஏதோ ஒரு செல்லில் அந்த நல்ல பிரதியும் போய்விட்டால்தான் வம்பு. அறுந்த இழைகள் தாறுமாறாக ஒட்டிக்கொண்டு, பிழை மேல் பிழை சேர்ந்து, புற்றுநோயில் போய் முடியலாம்.

அந்தப் பலவீனத்தையே ஆயுதமாக்கலாம் என்று 2005இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் காட்டின. மருந்தால் பார்ப்பையும் முடக்கிவிட்டால், செல் பிரியும்போது சின்ன அறுப்பெல்லாம் இரட்டை அறுப்பாகிவிடும். பிஆர்சிஏ இல்லாத புற்றுச் செல் தாங்காமல் சாகும். நல்ல செல் பிழைத்துக்கொள்ளும். அப்படி வந்ததுதான் ஒலபாரிப். 2014 கடைசியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி கிடைத்தது. கோளாறு இருப்பவர்களுக்கு, கீமோவுக்குப் பிறகு நோய் திரும்புவதை வருடக்கணக்கில்கூடத் தள்ளிப்போடும் மாத்திரை இது. மாயாஜாலம் இல்லை: விலை கூடுதல், ரத்தசோகை, களைப்பு, குமட்டல் வரும், ரத்த அணுக்களை அடிக்கடி எண்ணிப் பார்க்க வேண்டும்.

சரி, உங்கள் விஷயம். அம்மா வழியைச் சொன்னீர்கள், அப்பா வழி? (கேட்டால்தான் சொல்வார்கள், எல்லா வீட்டிலும் இதே கதை.) அவர் வழியாகவும் இது வரும். ஆண்களிடம் பெரும்பாலும் நோயாக வெளிப்படாததால் ஒரு தலைமுறை தெரியாமலே கடந்துவிடலாம். அத்தைகளுக்கு, அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு என்ன நோய் இருந்தது என்று விசாரியுங்கள்.

நீங்கள் இப்போதே ஓட வேண்டாம், அக்காவின் முடிவு வரட்டும். கோளாறு இருந்தால் உங்களுக்கும் இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவர் ரிப்போர்ட்டை எடுத்துப்போய், அதே மாற்றம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால், மார்பகப் புற்றுக்கும் வாய்ப்பு கூடும் என்பதால், வருடத்துக்கு ஒருமுறை மார்பக எம்ஆர்ஐ எடுக்க வேண்டியிருக்கும். சினைப்பைப் புற்றை ஆரம்பத்திலேயே பிடிக்க நம்பகமான ஸ்கேன் கிடையாது. அதனால் குழந்தைப்பேறு முடிந்தபின், பிஆர்சிஏ1 என்றால் 35–40 வயதிலும், பிஆர்சிஏ2 என்றால் 40–45 வயதிலும் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடுவது பற்றிப் பேசுவோம். அந்த வயதைத் தாண்டியிருந்தாலும் பேசலாம்.

அக்கா ரிப்போர்ட்டில் ‘விளைவு உறுதியாகாத மாற்றம்’ என்று வந்தால், அதை நம்பி யாரும் ஆபரேஷனுக்குப் போகாதீர்கள். மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.