60 கடல் மைல் கடக்க எந்தப் படகு?

கேள்வி: மூன்று ஆண்டுகளாக விரிகுடாவுக்குள் சின்னத் திறந்த பாய்ப்படகு ஓட்டிப் பழகியிருக்கிறேன். நானும் மனைவியும் 60 கடல் மைல் அகலமுள்ள ஒரு நீரிணையைக் கடந்து எதிர்க்கரைக்குப் போக ஆசைப்படுகிறோம். இரண்டு படகுகள் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று பழையது: நீளம் 7.6 மீட்டர், அகலம் 2.3 மீட்டர், எடை 2.4 டன், அதில் அடிப்பாரம் (படகு நிமிர்ந்து நிற்க அடியில் வைக்கும் ஈயம் போன்ற கனம்) 1.1 டன். மற்றது புதியது: நீளம் 8.5 மீட்டர், அகலம் 2.95 மீட்டர், எடை 2.2 டன், அடிப்பாரம் 650 கிலோ. உள்ளே தாராளமான இடம். பெரியதுதான் பாதுகாப்பு என்கிறார்கள் நண்பர்கள். சரிதானா?

பதில்: சரியில்லை. நீங்கள் தந்த எண்களை வைத்துப் பார்த்தால் நான் பழையதன் பக்கம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு, கடைசியில் வருகிறேன்.

நீளம் முதலில் தருவது வேகம். நீரைக் கிழித்துப் போகும் படகின் உச்ச வேகத்தை நீர்மட்ட நீளம்தான், அதாவது தண்ணீர் மட்டத்தில் படகின் நீளம்தான், தீர்மானிக்கிறது. மீட்டரில் அந்த நீளத்தின் வர்க்கமூலத்தை 2.43ஆல் பெருக்கினால் விடை நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் கிடைக்கும். பழைய படகின் நீர்மட்ட நீளம் 6 மீட்டர் இருந்தால் சுமார் 6 நாட், புதியதற்கு 7.5 மீட்டர் இருந்தால் 6.7 நாட். நிஜத்தில் சராசரி 4.5, 5 என்றுதான் வரும். ஆக 60 கடல் மைலுக்கு ஒன்று 13 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் எடுக்கும், மற்றது 12 மணி நேரம். நண்பர்கள் சொல்லும் ‘பெரிய படகு’ உங்களுக்கு மிச்சப்படுத்துவது ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு.

அகலம்தான் யோசிக்க வேண்டிய விஷயம். அகலமான, எடை குறைந்த படகு துறைமுகத்தில் அசையாமல் நிற்கும், ஏறி நடந்தால் வீடு மாதிரி இருக்கும். அதே படகு தலைகீழாகப் புரண்டுவிட்டால் அப்படியே கிடக்கவும் அதே அகலம்தான் காரணம். 1979இல் பிரிட்டனின் ஃபாஸ்ட்நெட் பாய்ப்படகுப் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பின. புயலில் சிக்கிப் பந்தயக்காரர்கள் 15 பேர் இறந்தார்கள். சிறிய படகுகளின் பிரிவில் ஒரே ஒரு படகுதான் பந்தயத்தை முடித்தது. அது ஒடுக்கமான, அடிப்பாரம் கனமான கான்டெஸா 32 வகை. அதன் பிறகு மாதிரிப் படகுகளைத் தொட்டியில் மிதக்கவிட்டு ஆராய்ந்தார்கள். படகு நீளத்தில் 30 சதவீத உயரத்துக்கு ஓர் அலை பக்கவாட்டில் மடிந்து உடைந்தாலே சில வடிவங்கள் கவிழ்ந்தன. 60 சதவீதம் என்றால் ஏறக்குறைய எதுவும் தப்பவில்லை. 8 மீட்டர் படகுக்கு அந்த 30 சதவீதம் என்பது 2.4 மீட்டர் அலை. உருண்டு வரும் அலை பிரச்சினை இல்லை, உடையும் அலைதான் எமன்.

அந்தப் பந்தயத்துக்குப் பின் வந்த ஒரு சின்னக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். எடையை டன்னில் எடுத்து 1.025ஆல் வகுங்கள், அதன் கனமூலத்தால் அகலத்தை வகுங்கள். விடை 2க்குக் கீழே இருந்தால் நல்லது. பழைய படகுக்கு 1.73 வருகிறது, புதியதற்கு 2.29. இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். அடிப்பாரம் கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா என்பதே இந்தக் கணக்குக்குத் தெரியாது. அத்தனை ஈயத்தையும் பாய்மர உச்சியில் கட்டினாலும் இதே 1.73தான் வரும்! அதனால் அடிப்பார விகிதத்தையும் சேர்த்துப் பாருங்கள்: ஒன்றில் 46 சதவீதம், மற்றதில் 30க்கும் கொஞ்சம் கீழே. இரண்டு கணக்கும் ஒரே திசையைக் காட்டுவதால்தான் பழையது என்கிறேன். படகின் நிலைப்பு வரைபடம் கிடைத்தால் இன்னும் நல்லது. எத்தனை பாகை சாய்ந்த பிறகு படகு நிமிர மறுக்கிறது என்று அதில் இருக்கும். நான் 120 பாகைக்குக் குறைந்ததை எடுக்க மாட்டேன்.

புதிய படகில் ஐரோப்பியத் தரப் பலகை ஒட்டியிருக்கும், அதையும் வாசியுங்கள். சி பிரிவு என்றால் காற்று, அதன் வலுவைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 6 வரை, அலை 2 மீட்டர் வரை. பி பிரிவு என்றால் காற்று 8 வரை, அலை 4 மீட்டர் வரை. இரண்டு விஷயங்களைப் பலர் கவனிப்பதில்லை. அந்த அலை உயரம் ஒரு சராசரிக் கணக்கு, தனி அலை ஏறக்குறைய அதன் இரு மடங்கு வரை எழலாம். அப்புறம், ஆள் எண்ணிக்கையைப் பொறுத்துப் பிரிவே மாறும். நான்கு பேருக்கு பி என்றிருக்கும் படகு ஆறு பேருக்கு சி ஆகிவிடலாம்.

சரி, புரண்ட படகு நிமிர்ந்து விட்டது, அதற்குள் எவ்வளவு தண்ணீர் உள்ளே போனது? சுக்கான் பிடித்து உட்காரும் காக்பிட்டின் குழி ஒன்றரை மீட்டர் நீளம், 80 சென்டிமீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் என்று வையுங்கள். ஓர் அலை நிரப்பினால் 600 கிலோ. எட்டுப் பேர் திடீரென்று பின்பக்கம் ஏறி உட்கார்ந்த மாதிரி. அடுத்த அலைக்கு முன் அது வடிய வேண்டும். வாங்குவதற்கு முன் வடிகுழாயை அடைத்து, காக்பிட்டைத் தண்ணீரால் நிரப்பி, அடைப்பை எடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனால் குழாயைப் பெரிதாக்க வேண்டும். கேபினுக்குள் இறங்கும் வாசலின் அடிவிளிம்பு காக்பிட் தரையோடு தரையாக இருந்தால் எனக்குப் பிடிக்காது. வாசல் பலகைகளைத் தாழ்ப்பாள் போட முடிகிறதா என்றும் பாருங்கள். படகு புரளும்போது முதலில் கழன்று விழுவது அவைதான்.

‘இத்தனை சின்னப் படகில் கடலுக்கா’ என்று யாராவது சொன்னால், 1965இல் ராபர்ட் மான்ரி என்பவர் டிங்கர்பெல் என்ற 4.1 மீட்டர் படகில் 78 நாளில் அட்லாண்டிக்கைக் கடந்ததைச் சொல்லுங்கள். கூடவே, பல முறை அலை அவரைத் தூக்கிக் கடலில் போட்டது, இடுப்பில் கட்டிய கயிறுதான் காப்பாற்றியது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கடிதம் முழுக்க நடுக்கடலைப் பற்றியது. இப்படிக் கடந்து போகும் பயணத்தில் படகு உடைவது பெரும்பாலும் கரையில்தான். எதிர்க்கரையை நெருங்கும்போது காற்று உங்களைக் கரைப்பக்கம் தள்ளும், துறைமுக வாயில் மணல்திட்டில் அலை உடையும், விலகிப் போயாக வேண்டும். அப்போது காற்றை எதிர்த்து ஏறத் தெரியாத படகு வெறும் மரக்கட்டை. எனவே வெள்ளோட்டத்துக்குச் சாந்தமான நாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். காற்று 20 நாட் அடிக்கும் நாளில், பெரிய பாயை இரண்டு மடிப்புக் குறைத்து, முன்பாயைச் சின்னதாக வைத்து, காற்றுக்கு எதிரே ஒரு மணி நேரம் ஏறிப் பாருங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் தயங்காமல் திரும்ப வேண்டும். தட்டையான அணியம் (படகின் முன்பகுதி) ஒவ்வோர் அலையிலும் பளார் பளார் என்று அறைகிறதா என்றும் கேளுங்கள். 13 மணி நேரம் அந்த அறை வாங்கினால் படகுக்கு முன் நீங்கள் சோர்ந்து போவீர்கள். 1979 ஃபாஸ்ட்நெட் புயலிலும் அப்படித்தான்: ஆட்கள் கைவிட்ட 24 படகுகளில் 19 பிற்பாடு மிதந்தபடியே மீட்கப்பட்டன.

எஞ்சின் விஷயத்தில் உள்ளே பொருத்திய டீசல் என் விருப்பம். பின்புறம் தொங்கும் அவுட்போர்டின் காற்றாடி பெரிய அலையில் தண்ணீரை விட்டு மேலே வந்து சும்மா சுற்றும், சரியாக உந்துதல் தேவைப்படும் நேரத்தில். டீசலுக்கும் ஒரு நோய் உண்டு. தொட்டி அடியில் ஆண்டுக்கணக்கில் படிந்த கசடு முதல் பெரிய ஆட்டத்தில் கலங்கி வடிகட்டியை அடைக்கும். தொட்டியைக் கழுவி, உபரி வடிகட்டி இரண்டு வைத்துக்கொண்டால் போதும்.

இப்போது அந்த நிபந்தனை. பழைய படகின் வயதுதான் அதன் எதிரி. நண்பர் ஒருவருக்காக ஒரு படகைப் பார்க்கப் போனேன். மேலே வண்ணம் மின்னியது. கழிப்பறைக்குப் பின்னால் தலையை நுழைத்து, கடல்நீரை உள்ளே விடும் சீகாக்கின் கைப்பிடியை மெதுவாகத் திருப்பினேன், கைப்பிடி கையோடு வந்துவிட்டது. உடைந்த இடம் பித்தளை மஞ்சளாக இல்லை, ஈறு மாதிரி இளஞ்சிவப்பு. துத்தநாகம் கடல்நீரில் கரைந்து போய், மீந்திருந்தது பஞ்சு போன்ற செம்பு. நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே 38 மில்லிமீட்டர் துளை திறந்தால் நிமிடத்துக்குச் சுமார் 140 லிட்டர் உள்ளே வரும். கைப்பம்பு தாங்காது. அதனால் ஒவ்வொரு சீகாக் அருகிலும் அதன் அளவுக்கேற்ற மரத்தக்கை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.

அப்புறம் கீலை (படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான பகுதியை) பிடித்திருக்கும் போல்ட்டுகளில் துரு வடிந்த கோடு, சுக்கான் தண்டில் ஆட்டம் ஆகியவற்றைப் பாருங்கள். மேல்தளத்தை ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். ‘டக் டக்’ என்று கேட்கும் சத்தம் ஓரிடத்தில் ‘தொப்’ என்று மாறினால் உள்ளே மரம் ஊறியிருக்கிறது. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் எப்போது மாற்றப்பட்டன என்பதற்கு ரசீது கேளுங்கள். பத்து வருடம் தாண்டியிருந்தால் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். இதையெல்லாம் நீங்கள் பார்த்த பிறகு, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத, படகுகளைச் சோதிக்கும் ஒரு சர்வேயரைக் கொண்டு படகைத் தண்ணீரை விட்டு வெளியே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சர்வேயர் சீகாக்குகளையும் கம்பிகளையும் மட்டும் குறை சொன்னால் பழையதை வாங்கி, இரண்டையும் மாற்றிவிடுங்கள். கீல் பொருத்தத்திலோ சுக்கானிலோ குறை கண்டால் விட்டுவிட்டு மூன்றாவது படகைத் தேடுங்கள், அதற்காகப் புதியதிடம் திரும்ப வேண்டாம். நீரிணையைக் கடப்பதற்கு முன் கரையை ஒட்டி 20 மைல் ஓட்டம் சில, அதில் ஒன்றாவது இரவில். உங்கள் மனைவி தனியாகப் பாயைக் குறைத்து, எஞ்சினைக் கிளப்பி, தண்ணீரில் வீசிய ஒரு மிதவையைத் திரும்பி வந்து எடுக்கும் வரை அந்த 60 மைலுக்கு நாள் குறிக்காதீர்கள். கடலில் விழுவது நீங்களாக இருந்தால் படகில் மிச்சம் இருப்பது அவர் ஒருவர்தான்.