தெருவில் போட்ட சோபாவை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

வாசகர் கேள்விகளுக்கு மதுரை குஷன் கடைக்காரர் பதில் சொல்கிறார்

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் இருந்த ஒரு குடும்பம் வீடு மாறும்போது மூன்று பேர் உட்காரும் பழைய சோபாவை வாட்ச்மேன் அறை ஓரமாகப் போட்டுவிட்டுப் போய்விட்டது. கேட்டதற்கு, “வேணும்னா எடுத்துக்கோங்க” என்றார்கள். துணி கிழிந்திருக்கிறது, நடுவில் பள்ளம் விழுந்திருக்கிறது, ஆனால் நல்ல கனம். “இதைச் சரிபண்ணும் காசில் புதுசே வாங்கலாம்” என்கிறார் கணவர். “யாரோ கழித்துப் போட்டது நமக்கு எதற்கு?” என்கிறார் மாமியார். எனக்கு விட மனசில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, திருச்சி

பதில்: முதலில் உங்கள் மாமியாருக்கு ஒரு வார்த்தை. அம்மா, நீங்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. அடுத்தவர் வியர்வையும் அழுக்கும் ஊறிய துணியை வீட்டுக்குள் விட யாருக்கும் மனசு வராது. ஆனால் நாங்கள் வேலை செய்து கொடுக்கும்போது பழைய துணி, பழைய ஸ்பாஞ்ச், பழைய நார் எதுவும் அதில் மிஞ்சாது. மிஞ்சுவது ஆசாரி செய்த மரச்சட்டம் ஒன்றுதான். அதையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத்தான் எடுப்போம்.

ஆக, பார்க்க வேண்டியது அந்தச் சட்டத்தைத்தான். கனம் நல்ல அடையாளம், ஆனால் அது மட்டும் போதாது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையும் கனக்கும். முன்பக்கக் கால் ஒன்றைப் பிடித்து அரை அடி உயரம் தூக்குங்கள். மறுபக்கத்து முன்காலும் கூடவே எழுந்தால் சட்டம் இறுக்கமாக இருக்கிறது. ஒரு கால் எழ, மற்றொன்று தரையிலேயே நின்றால் மூட்டு விட்டுப்போயிருக்கிறது. மூட்டு விட்டதற்காக ஒதுக்க வேண்டாம். பழைய பசையைச் சுரண்டி, புதுப்பசை போட்டு, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விட்டால் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து, சோபாவைக் கவிழ்த்து அடியில் அடித்திருக்கும் கருப்புத் துணியைப் பிரித்துப் பாருங்கள். தேக்கோ வேங்கையோ நல்ல நாட்டு மரமோ என்றால் வெட்டு முகத்தில் ரேகை ஓடும். மரத்தூள் பலகை என்றால் பிஸ்கட் மாதிரி பொடிப்பொடியாகத் தெரியும். அது ஒரு தடவை ஈரம் குடித்து உப்பியிருந்தால் ஸ்டேப்ளர் பின் நிற்காது, ஆணி நிற்காது, அங்கேயே விட்டுவிடுங்கள். மரத்தில் குண்டூசி முனை அளவு ஓட்டைகளும் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் வண்டு அரிக்கிறது. ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தக் கட்டையை மாற்ற வேண்டும். இறங்காவிட்டால் மருந்து அடித்துக் காப்பாற்றலாம்.

சட்டம் தேறிவிட்டது என்றால் உங்கள் கணவர் கேட்ட கணக்குக்கு வருவோம். கடையில் மலிவாகக் கிடைக்கும் புது சோபாவில் மெல்லிய பிளைவுட்டும் பேக்கிங் பெட்டிக் கட்டையும்தான் இருக்கும். மேலே துணி மட்டும் பளபளவென்று இருக்கும். அந்த விலையோடு இதை ஒப்பிடக் கூடாது. இதே மரத்தில் புதிதாகச் செய்யச் சொன்னால் என்ன கேட்பார்கள் என்று ஒரு ஆசாரியிடம் விசாரித்துவிட்டு, அப்புறம் உங்கள் கணவரே முடிவு சொல்லட்டும்.

நடுவில் பள்ளம் விழுந்ததற்குக் காரணம் பெரும்பாலும் அடியில்தான் இருக்கும். பழைய சோபா என்றால் சணல் நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, அதன்மேல் சுருள் ஸ்பிரிங்கை நிறுத்தி, ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் எட்டுத் திசையிலும் கயிறு இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஸ்பிரிங் அநேகமாக நன்றாகவே இருக்கும். இற்றுப்போவது நாடாவும் கயிறும்தான். அவற்றை மாற்றிவிட்டு அதே ஸ்பிரிங்கைத் திரும்பக் கட்டலாம். அந்தக் கட்டு வேலை தெரிந்த ஆள் உங்கள் ஊரில் யார் என்று தேடிப் பிடியுங்கள். “ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுட்டு பிளைவுட் அடிச்சிடலாம்” என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். பலகைமேல் வைத்த ஃபோமுக்கு அடியில் நெகிழ்வே இருக்காது, சீக்கிரம் அமுங்கிவிடும். இந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். வளைந்து வளைந்து போகும் ஜிக்ஜாக் கம்பி இருந்தால், அதைப் பிடித்திருக்கும் கிளிப்புகளை மட்டும் சரிபார்த்தால் போதும்.

ஒன்று கவனியுங்கள். பழைய சட்டத்தில் பின் அடித்து அடித்து மரம் சல்லடையாகியிருக்கும். பசையில் மரத்தூளைக் குழைத்து அந்த ஓட்டைகளை அடைத்துக் காயவிட்ட பிறகு, புதுப் பின்னை அரை அங்குலம் தள்ளித்தான் அடிக்க வேண்டும். இதை யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் நாடா தாங்குவதும் தாங்காததும் இதில்தான் இருக்கிறது.

அப்புறம் ஃபோம். உட்காரும் இடத்துக்கு 40 டென்சிட்டி கேளுங்கள், சாய்வுக்கு 28 அல்லது 32 போதும். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். அதனால் கடைக்காரர் சொல்வதைத் தராசிலேயே சரிபார்க்கலாம். இரண்டடிக்கு இரண்டடி, நாலு அங்குல கனமுள்ள துண்டு 40 டென்சிட்டி என்றால் ஒன்றரை கிலோ இருக்கும். 32 என்றால் ஒன்றேகால் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவாக நிற்கும். கையால் அமுக்கிப் பார்த்து ஏமாற வேண்டாம். மட்டமான ஃபோமையும் கெட்டியாகச் செய்யலாம், எடை மட்டும் பொய் சொல்லாது. ஃபோமை உறையைவிட அரை அங்குலம் பெரிதாக வெட்டி, மேலே பஞ்சு மாதிரியான ஃபைபர் ஷீட் ஒரு சுற்று சுற்றிப் போட்டால் துணி சுருக்கம் விழாமல் நிற்கும்.

துணி 54 அங்குல அகலத்தில் வரும். முழுக்கத் துணி போர்த்திய மூன்று பேர் சோபாவுக்கு எட்டிலிருந்து பத்து மீட்டர் பிடிக்கும். பெரிய பூவோ கோடோ போட்ட துணி என்றால், பூவோடு பூ சேர வேண்டுமே, ஒன்றிரண்டு மீட்டர் கூடுதலாக எடுங்கள். பழைய துணியைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். எங்கே இருந்தது என்று ஒவ்வொரு துண்டின் மேலும் சாக்பீஸால் எழுதிப் பத்திரமாக எடுத்து வையுங்கள். புதுத்துணி வெட்ட அதுதான் அளவு.

கேள்வி: எங்கள் சோபாவில் ‘லெதர்’ மாதிரி உறை. மூன்றே வருடத்தில் செதில் செதிலாக உரிந்து பிள்ளைகள் உடம்பெல்லாம் ஒட்டுகிறது. திரும்பவும் அதையே போடலாமா? துடைக்க வசதியாக இருக்கிறதே.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். துணிமேல் மெல்லிய பாலியூரித்தேன் பூச்சு பூசியது அது. காற்றில் உள்ள ஈரமே அந்தப் பூச்சைச் சிதைத்துவிடும். உங்கள் ஊர் கடல் காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். நீங்கள் எதுவும் தப்பாகப் பண்ணவில்லை, உட்காராமல் வைத்திருந்தாலும் உரிந்திருக்கும். துடைக்கிற வசதிதான் முக்கியம் என்றால் கனமான பி.வி.சி. ரெக்ஸின் போடுங்கள். அது இந்த மாதிரி உரியாது, ஆனால் சித்திரையில் தொடையோடு ஒட்டும். என் வீட்டில் என்றால் நெருக்கமாக நெய்த துணியில் உறை தைத்து, ஜிப் வைத்துவிடுவேன். கழற்றித் துவைக்கலாம். பருத்தி என்றால் வெட்டும் முன்பே ஒரு தடவை தண்ணீரில் நனைத்துக் காயப்போட்டுச் சுருக்கம் எடுத்துவிடுங்கள். தைத்த பிறகு சுருங்கினால் உறை திரும்ப ஏறாது.

கேள்வி: பழைய சோபா ஒன்றை வாங்கி வந்தோம். தையல் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள். மூட்டைப்பூச்சி என்கிறார்கள். மொட்டைமாடி வெயிலில் போட்டு, மண்ணெண்ணெய் தெளித்தால் போதுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: மண்ணெண்ணெய் கூடவே கூடாது. ஃபோம் பற்றினால் சில நிமிடத்தில் அறை முழுக்க விஷப்புகை நிறையும். இது விளையாட்டில்லை அம்மா. வெயிலையும் நம்ப முடியாது. மேலே சுட்டால் பூச்சி உள்ளே நிழலுக்குப் போய் ஒளிந்துகொள்ளும், ரத்தம் குடிக்காமலேயே பல மாதம் உயிரோடு கிடக்கும். மாடியில் வைத்தே முழுக்கப் பிரியுங்கள், ஹாலுக்குக் கொண்டுவர வேண்டாம். துணி, ஃபோம், நார் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வாய் இறுக்கி அப்புறப்படுத்துங்கள். மரச்சட்டத்தின் மூட்டு, இடுக்கு, பின் ஓட்டை எல்லாவற்றிலும் நீராவிக் கருவியை மெதுவாக ஓட்டுங்கள். கொதிநீர் ஊற்றாதீர்கள், பழைய மூட்டுப்பசை விட்டுவிடும். பூச்சி மருந்து ஆளைக் கூப்பிட்டால், முட்டை பொரிந்தபின் இரண்டாவது தடவையும் வருவாரா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அது முடியும்வரை புதுத்துணி வாங்கவே போகாதீர்கள்.

கேள்வி: சோபாவில் உட்கார்ந்தால் பாட்டியால் எழ முடியவில்லை. இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. துணி மாற்றும்போது ஏதாவது செய்யலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: தாராளமாகச் செய்யலாம். உறையைப் பிரிக்கும்போதே சொல்லிவிடுங்கள். பாட்டி உட்கார்ந்தால் பாதம் முழுக்கத் தரையில் படவேண்டும், முட்டி இடுப்பைவிட உயரக் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு, உட்கார்ந்து அமுங்கிய பிறகு 18 அங்குலம் உயரம் சரியாக இருக்கும். அவர் குள்ளமாக இருந்தால் அளந்து குறைத்துக்கொள்ளுங்கள். எல்லா இருக்கையையும் மாற்ற வேண்டாம். கைப்பிடி ஓரமாக உள்ள ஒன்றில் மட்டும் கெட்டியான ஃபோம் போட்டு, சாய்வுக்கு முன்னால் ஒரு தலையணை வைத்து ஆழத்தைக் குறைத்தால், கைப்பிடியை ஊன்றித் தானே எழுந்துவிடுவார். சோபாவின் காலை உயர்த்துவதாக இருந்தால் செங்கல்லோ கட்டையோ முட்டுக் கொடுக்காதீர்கள், நழுவிவிடும். ஆசாரியிடம் சொல்லிப் புதுக்கால் செய்து போல்ட் போட்டு முடுக்கச் சொல்லுங்கள். அடியில் ரப்பர் புஷ்ஷும் வேண்டும், உங்கள் வீட்டில் டைல்ஸ் தரையாக இருந்தால் கட்டாயம்.