வாசகர் கேள்வி - பதில்: மூன்று நொடி பொறுத்திருங்கள்

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். பேச்சுப் போட்டியில் தடுமாறாமல் பேசிப் பரிசு பெற்ற மாணவி, மேடையை விட்டு இறங்கியதும் விருந்தினர் "உங்கள் ஊரில் என்ன தொழில் நடக்கிறது?" என்று கேட்டபோது வாயடைத்து நின்றுவிட்டாள். வகுப்பிலும் நான்கைந்து பேரைத் தவிர யாரும் பேசுவதில்லை. என்ன செய்யலாம்?
- ஓர் ஆசிரியை, பல்லடம்

பதில்: அந்த மாணவியைக் குறை சொல்வதற்கில்லை. மேடையில் அவளிடம் எதிர்பார்க்கப்பட்டது நினைவாற்றல். கீழே இறங்கியபின் எதிர்பார்க்கப்பட்டதோ, முன்பின் அறியாத ஒருவருக்குத் தன் ஊரை எடுத்துச் சொல்லும் திறன். முன்னதற்குப் பல நாள் பயிற்சி தந்திருப்பீர்கள். பின்னதற்கு நம் பள்ளிகளில் ஒரு நாள்கூடத் தருவதில்லை. (பேச்சுப் போட்டி என்ற பெயரில் நாம் நடத்துபவை பெரும்பாலும் ஒப்புவித்தல் போட்டிகளே என்பது என் நெடுநாளைய குறை.)

மாற்றத்தை உங்களிடமிருந்தே தொடங்குங்கள். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, 1970களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருப்பதைக் கண்டார். அதை மூன்று நொடியாக நீட்டியதும் விடைகள் நீண்டன. வழக்கமாகப் பேசாதவர்களும் பேச முன்வந்தார்கள். மாணவர் பேசி நிறுத்திய பின்பும் அதே மூன்று நொடி பொறுத்திருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். "சரி, உட்கார்" என்று நாம் சொல்லாமல் இருந்தால், பிள்ளை தானாகவே "ஏனென்றால்" என்று தொடரும்.

அடுத்து, விடை உங்களுக்கே தெரிந்த கேள்விகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வட்டாரத்தில் தறிச்சத்தம் கேட்டு வளராத பிள்ளைகள் குறைவு. பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்களில், ஓர் இழை அறுந்தால் எப்படிக் கண்டுபிடித்து முடிச்சுப் போடுவது என்பதை, தறி வீட்டுப் பிள்ளை ஒருவர், தறியைப் பார்த்தே இராத இன்னொருவருக்கு, இருவரும் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்தபடி சொல்லட்டும். கையைக் காட்ட முடியாது என்பதால் "இப்படி எடுத்து, அப்படி விட்டு" என்ற பேச்சு செல்லாது; எந்தப் பக்கம், எந்த விரல், முதலில் எது என்று சொல் தேடியாக வேண்டும். கேட்பவர் புரியாத இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். இறுதியில் தான் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசுவதை விடக் கடினமானது இந்தத் திருப்பிச் சொல்லல். மதிப்பெண்ணில் பாதியை அதற்கே வையுங்கள். பிழைப்புத் தேடி வந்த ஒடிசா, பீகார்க் குடும்பங்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால், அவர்களைக் கேட்பவர்களாக மட்டும் வைக்காமல், தங்கள் ஊரிலிருந்து ரயிலில் வந்து சேர்ந்த கதையைத் தெரிந்த தமிழில் சொல்லச் செய்யுங்கள்.

கூச்சம் மிகுந்தவர்களை எடுத்த எடுப்பில் எழுப்பி நிறுத்தாதீர்கள். தனியே யோசித்து, பக்கத்தில் இருப்பவரிடம் பேசிப் பார்த்து, அதன்பின் வகுப்பில் சொல்லும் முறையை 1981இல் ஃபிராங்க் லைமன் என்ற கல்வியாளர் முன்வைத்தார். செலவில்லாதது, 40 பேர் உள்ள வகுப்பிலும் ஒரே நேரத்தில் 20 பேர் பேசிவிடுவார்கள்.

கேள்வி: ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகன் "ஏனுங்", "வரேனுங்" என்று பேசுவதைப் பள்ளியில் திருத்திக்கொண்டே இருக்கிறார்களாம். இப்போது வீட்டிலும் பேச்சைக் குறைத்துவிட்டான். கொங்குப் பேச்சு அவனுக்குத் தடையா?
- ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: தடையே இல்லை. எதிரில் இருப்பவரின் வயதையும் நிலையையும் அறிந்து 'ங்' சேர்க்கும் பிள்ளை, யாரிடம் எப்படிப் பேசுவது என்ற பாடத்தின் பாதியை வீட்டிலேயே கற்றுவிட்டது. வாக்கியத்தின் நடுவில் குறுக்கிட்டுத் திருத்தினால் அவன் கற்பது நல்ல தமிழை அன்று, மௌனத்தை. எழுத்துத் தமிழ் அவனுக்கு வேண்டியதுதான். ஆனால் அதை இன்னொரு நடையாகச் சேர்த்துக் கற்பியுங்கள். பேருந்து நிறுத்தத்தில் நிற்காமல் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம்: அதை முதலில் உங்கள் அம்மாவிடம் சொல்லட்டும், பிறகு நீங்கள் நடத்துநராக நடிக்க உங்களிடம் முறையிடட்டும், கடைசியில் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு நான்கு வரியில் கடிதமாக எழுதட்டும். கடிதத்தில் 'ங்' தானாகவே உதிர்ந்திருப்பதைக் காண்பீர்கள். அந்தத் தாளை அவனுடைய ஆசிரியரிடமும் காட்டுங்கள்.