வாட்ஸ்அப் குழுவில் 200 பேர் இருந்தும் யாரும் கதைப்பதில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர் தன் வணிகத்துக்குக் குழு தொடங்கி 200 பேரைச் சேர்த்துவிட்டாராம். அவர் போடும் விலைப்பட்டியலைத் தவிர அங்கே எதுவும் அசைவதில்லையாம். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் கறித்தூளும், காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவும் செய்து விற்கிறோம். சந்தை கலைந்த பிறகு சுன்னாகம் எப்படிக் கிடக்குமோ, முதல் ஐந்து மாதம் எங்கள் குழு அப்படிக் கிடந்தது.

அசைத்தது ஒரு கேள்வி. ஒரு ஞாயிறு இரவு விலைப்பட்டியலை விட்டுவிட்டு, "உங்கள் வீட்டில் ஒடியல் கூழுக்கு என்னென்ன போடுவீர்கள்?" என்று மட்டும் எழுதினேன். நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு என்று முதலில் ஒழுங்காகத்தான் வந்தது. பிறகு ஒருவர் முருங்கையிலையைக் கடைசியில்தான் போட வேண்டும் என்றார். இன்னொருவர் தன் அம்மா முருங்கையிலையைத் தொடவே மாட்டார் என்றார். தீவுப்பகுதி அக்கா ஒருவர், "மீன்தலை போடாதது கூழே இல்லை" என்று தீர்ப்பளித்தார். நள்ளிரவு வரை சண்டை. நடுவில் ரொறன்ரோவிலிருந்து ஒரு பெண், ஒடியல் மா கசக்கிறதே என்று கேட்டாள். "பிள்ளை, தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்த நீரை ஊற்றிவிட்டு, இரண்டு மூன்று தரம் மாற்றிப் பிழியுங்கள்" என்று பதில் வந்தது. எழுதியவர் அதுவரை ஒரு சொல்லும் எழுதாதிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். நான் விற்கும் மாவுக்கு என் வாடிக்கையாளரே வகுப்பெடுக்கிறார்! நான் இடையில் புகவில்லை. அந்தளவு புத்தி இருந்தது.

நேரமும் முக்கியம். எங்களிடம் வாங்குவோரில் பாதிப்பேர் வெளிநாட்டில். நம் காலை 6 மணிக்கு எழுதினால் லண்டன் தூங்கிக்கொண்டிருக்கும். இரவு 8.30 என்றால் கோடையில் லண்டனில் மாலை 4, ரொறன்ரோவில் காலை 11.

எல்லோரும் கதைக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். இணையக் குழுக்களைப் பற்றி இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2006இல் எழுதிய கணக்கு ஒன்று உண்டு: 100 பேரில் 90 பேர் பார்ப்பார்கள், 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார். அப்படியென்றால் உங்கள் 200இல் இருவர். அவர்களைக் கண்டுபிடித்துத் தனியாக நன்றி சொல்லுங்கள். இலவசப் பக்கற் மட்டும் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன், அதற்குப் பிறகு அவர்கள் மனதாரச் சொன்ன நல்ல வார்த்தையையும் மற்றவர்கள் விளம்பரம் என்றே பார்த்தார்கள்.

இனி என் தவறு. ஒரு மார்கழியில் மழை விடாமல் பெய்தது. சரியாகக் காயாத செத்தல் மிளகாயை அவசரத்தில் அரைத்துவிட்டோம். தூள் கட்டிபிடித்துவிட, ஒருவர் அதைப் படமெடுத்துக் குழுவில் போட்டார். பதறிப்போய் அழித்தேன். நிர்வாகி அழித்தார் என்ற வரி அங்கேயே நின்றது, படத்தைப் பார்க்காதவர்களும் "என்ன அது?" என்று கேட்கத் தொடங்கினார்கள். மறுநாள் நடந்ததை அப்படியே எழுதி, அந்த வாரத்துப் பக்கற்றுகள் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தோம். காசு போனது போனதுதான். இப்போது மழைக்காலத்தில் குறைவாகவே அரைக்கிறோம், அதைக் கார்த்திகையிலேயே குழுவில் சொல்லிவிடுகிறோம்.

அதைவிட மோசமானது வேறொன்று. வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோர் கண்ணிலும் பட்டது. ஒருவர் பெண்களின் எண்களை எடுத்து இரவில் தனியாகச் செய்தி அனுப்பத் தொடங்கினார். ஓர் அக்கா எனக்குச் சொல்வதற்குள் மூன்று பேர் சத்தமில்லாமல் விலகியிருந்தார்கள். செய்தி அனுப்பியவரை அன்றே நீக்கினேன், ஆனால் எண்கள் அவர் கையில். பிறகு பேச்சை முகநூல் குழுவுக்கு மாற்றினோம். எந்த ஊர், எங்களை எப்படித் தெரியும் என்று இரண்டு கேள்வி கேட்டுத்தான் உள்ளே விடுகிறேன். வாட்ஸ்அப்பில் நிர்வாகி மட்டும் எழுதலாம். விலையும் பார்சல் விவரமும் அங்கே போகின்றன.

அரசியல், காணி விற்பனை, "10 பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும்" வகைச் செய்திகள் வந்தால், போட்டவரிடம் சொல்லிவிட்டு அழிக்கிறேன். மரண அறிவித்தலும் கூடாது என்றுதான் முதலில் விதி வைத்தேன். குழுவில் இருந்த ஒருவரின் தாயார் காலமானபோது அந்த விதி நிற்கவில்லை. அன்று போடவிருந்த புது விலைப்பட்டியலையும் இரண்டு நாள் தள்ளிவைத்தேன்.