டூலா என்பவர் பிரசவத்தில் என்னதான் செய்வார்? கணவரும் அம்மாவும் இருக்கும்போது அவர் எதற்கு?

செய்யாததை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் டூலா வைக்கப்போகிறேன் என்றதும் என் அம்மா, "மருத்துவச்சியைக் கூட்டிவந்து வீட்டிலேயே பெத்துக்கப் போறியா?" என்று பதறினார். 2018இல் திருப்பூரில் ஒரு பெண் வீட்டுப் பிரசவத்தில் இறந்துபோன செய்தி அவர் மனதில் இருந்தது. டூலா பிரசவம் பார்ப்பவர் அல்ல. உள்பரிசோதனை செய்யமாட்டார், மருந்து தரமாட்டார், குழந்தையை எடுக்கமாட்டார். வலி தொடங்கியதிலிருந்து குழந்தை முதல் பால் குடிக்கும்வரை நம் பக்கத்திலேயே இருப்பார். அவ்வளவுதான் வேலை.

இதற்கா காசு என்று கேட்பீர்கள். என் முதல் பிரசவத்துக்கு 17 மணி நேரம் ஆனது. லேபர் வார்டில் இரண்டு முறை ஷிப்ட் மாறியது. நர்ஸ்கள் மேல் எனக்குக் குறையில்லை, ஆளுக்கு நாலைந்து பேரைப் பார்க்க வேண்டும். வருவார்கள், கர்ப்பப்பை வாய் எத்தனை விரல் திறந்திருக்கிறது என்று பார்ப்பார்கள், ஃபைலில் எழுதிவிட்டுப் போவார்கள். மீதி நேரம் நானும் சுவர்க்கடிகாரமும்தான்.

இரண்டாவது முறை இரவு பத்தரைக்கு வலி வந்தது. டூலாவை போனில் கூப்பிட்டேன். அடுத்த வலி வரும்வரை ஏதேதோ பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். வலியின் நடுவிலும் என்னால் பேச முடிந்ததால், "இன்னும் நேரம் இருக்கு, வெந்நீரில் குளிச்சிட்டுப் படுங்க" என்றார். அதற்குள் அம்மா சீரகக் கஷாயத்தோடு வந்து நின்றார். அதைச் சொன்னதும் டூலா சிரித்துவிட்டு, "ரெண்டும் ஒரே சோதனைதான், நிஜப் பிரசவ வலி இல்லாம சூட்டு வலின்னா அடங்கிடும்" என்றார். அம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

வலி அடங்கவில்லை, மருத்துவமனைக்குப் போனோம். அங்கே எனக்கு வலி முழுக்க இடுப்பின் பின்பக்கம்தான். ஒவ்வொரு வலிக்கும் டூலா தன் உள்ளங்கையின் அடிப்பகுதியை முதுகெலும்பு முடியும் இடத்துக்குச் சற்று மேலே வைத்து, உடல் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினார். தடவுவது அல்ல, அழுத்துவது. கணவருக்கும் அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தார். பல்லைக் கடித்தால் "தாடையைத் தளர்த்துங்க" என்பார். ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் எபிடூரல், அதாவது வலி குறைய முதுகில் போடும் ஊசி, கேட்டேன். முகம் சுளிக்கவில்லை. ஊசி போட்டபின் முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, அவ்வப்போது பக்கம் மாற்றிப் படுக்க வைத்தார். எபிடூரலோ சிசேரியனோ தோல்வி என்று பேசும் டூலா கிடைத்தால் வேறு ஆளைப் பாருங்கள். நம் ஊரில் இந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

டூலா என்பது கிரேக்கச் சொல், பணிப்பெண் என்று பொருள். 1980இல் குவாத்தமாலாவில் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. தனியாக இருந்த தாய்மார்களுக்குப் பிரசவம் சராசரியாக 19 மணி நேரம் நீண்டது. முன்பின் தெரியாத ஒரு பெண் கூடவே இருந்து, கையைப் பிடித்து, முதுகைத் தடவிப் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு 9 மணி நேரத்துக்கும் குறைவு. சிக்கலில்லாத பிரசவங்களின் கணக்கு அது, சிறிய ஆய்வும்கூட. ஆனால் 2017இல் 15,000க்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பும், தொடர்ந்து துணை இருந்தால் சிசேரியன் குறைகிறது என்றே சொன்னது.

அந்தத் துணை காசு வாங்குபவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஒரு பெண் உறவினரை உள்ளே விடும் ஏற்பாடு உண்டு. பதறாத அத்தையோ சித்தியோ இருந்தால் அவரே போதும். என் அம்மா பதறுகிற ரகம், கணவர் ரத்தம் பார்த்தால் உட்கார்ந்துவிடுவார், அதனால் எனக்கு வெளி ஆள் தேவைப்பட்டது.

அப்புறம், டூலா வைப்பதானால் கணவர், டூலா இருவரையும் உள்ளே விடுவார்களா என்று முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் டாக்டர் வாட்ஸ்அப்பில் மட்டும் சரி சொல்லியிருந்தார். அன்று இரவு டியூட்டியில் இருந்தவர், "கூட ஒருத்தர்தான் வரலாம்" என்று எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார். அந்தப் பழைய செய்தியைத் தேடி எடுத்துக் காட்டுவதற்குள் எனக்கு நாலு வலி வந்து போய்விட்டது.