தேய்ந்துபோன லார்ஜ் சென்ட்: ஆண்டு தெரியாத நாணயத்துக்கும் தரம் உண்டா?

கேள்வி: வேலைக்காக நியூ ஜெர்சியில் இருக்கிறேன். இங்கே பழைய சாமான் சந்தையில் இரண்டு பெரிய செம்பு நாணயங்கள் வாங்கினேன். அமெரிக்காவின் ஆரம்பகால ஒரு சென்ட் என்றார் விற்றவர். ஒன்றில் பெண் தலை நிழலாகத்தான் தெரிகிறது, ஆண்டு இல்லை. மற்றதில் 1803 என்று படிக்க முடிகிறது, ஆனால் மேலெல்லாம் சொரசொரப்பு, ஓரத்தில் பச்சை. இவற்றுக்குத் தரம் போட முடியுமா? புளி போட்டுத் தேய்க்கலாமா? இப்படித் தேய்ந்தவற்றையே தொடர்ந்து சேர்க்கலாமா?

பதில்: முதலில் புளி வேண்டாம். எலுமிச்சை, வினிகர், பித்தளை பாலிஷ் எதுவுமே வேண்டாம். இரண்டு நூற்றாண்டாகச் செம்பின் மேல் படிந்திருக்கும் அந்தப் பழுப்பு நிறம்தான் நாணயத்தின் தோல். புளிப்பு பட்டால் அது போய், உள்ளேயிருந்து இளஞ்சிவப்புச் செம்பு வெளியே வந்துவிடும். திரும்ப எதைச் செய்தாலும் பழைய தோல் வராது. விவரம் தெரிந்தவர்கள் அதைப் பார்த்ததுமே ஒதுக்கிவிடுவார்கள்.

சரி, ஆண்டு தெரியாத நாணயத்துக்கு வருவோம். அதை எடை போடுங்கள். இந்த லார்ஜ் சென்ட்கள் 1793 முதல் 1857 வரை அச்சானவை, நடுவில் 1815 மட்டும் கிடையாது. தொடக்கத்தில் எடை 13.48 கிராம். செம்பு விலை ஏறியதால் 1795 முடியும் தறுவாயில் அதை 10.89 கிராமாகக் குறைத்தார்கள். தேய்ந்த நாணயத்தின் எடை குறையுமே தவிர, ஏறாது. ஆகவே இந்த நிலையிலும் உங்களுடையது 12 கிராம் காட்டினால் அது 1795-க்குள் அச்சான தடித்த நாணயமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். அப்புறம் பக்கவாட்டு விளிம்பைப் பாருங்கள். 1793-லிருந்து 1795 வரையிலான பலவற்றில் ‘ஒன் ஹண்ட்ரட் ஃபார் எ டாலர்’ என்று ஆங்கில எழுத்துகள் விளிம்பில் ஓடும். முகம் முழுக்க மழுங்கினாலும் விளிம்பில் நாலைந்து எழுத்துகள் மிஞ்சியிருப்பதுண்டு.

மெல்லிய நாணயம் என்றால் தலையின் வடிவம் உதவும். தோளில் துணி போர்த்திய பெண் என்றால் 1796 முதல் 1807 வரை. நெற்றிப்பட்டையும் சுற்றி நட்சத்திரங்களும் என்றால் 1808 முதல் 1814 வரை. பின்பக்கத்தில் இலை வளையத்துக்குக் கீழே 1/100 என்ற பின்னம் தெரிந்தால் அது 1808-க்கு முந்தியது. விளக்கை நேர்மேலே பிடிக்காமல் ஏறக்குறைய கிடைமட்டமாக வைத்து, நாணயத்தை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் காணாத எண், சாய்வு வெளிச்சத்தில் ஒரு கோணத்தில் மட்டும் எட்டிப் பார்க்கும்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். அந்தக் காலத்தில் நாணயம் அடிக்கும் அச்சுகளில் எழுத்தையும் எண்ணையும் ஒவ்வொன்றாகக் கையால் அடித்துப் பதித்தார்கள். அதனால் எந்த இரண்டு அச்சும் ஒன்றுபோல் இருக்காது. ஓர் இலை நுனி எந்த எழுத்துக்கு நேரே நிற்கிறது, காய்கள் எத்தனை, பின்னக் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது, அச்சு விரிசல் எங்கே ஓடுகிறது என்று பொருத்திப் பார்த்தால், ஆண்டே இல்லாத நாணயத்துக்கும் ஆண்டைச் சொல்லிவிடலாம். இந்த அச்சு வகைகளுக்கு எண் கொடுத்து 1949-இல் பட்டியலிட்டவர் வில்லியம் ஷெல்டன். இன்றைக்கும் எல்லோரும் அந்த எண்களைத்தான் சொல்கிறார்கள். 1801-இல் ஒரே அச்சில் மூன்று பிழைகள் கொண்ட வகை உண்டு: பின்னம் 1/000 என்றிருக்கும், வளையத்தின் ஒரு காம்பு விட்டுப்போயிருக்கும், ‘யுனைடெட்’ என்ற சொல்லின் முதல் எழுத்து இரண்டு ‘ஐ’ போலத் தெரியும். நன்றாகத் தேய்ந்த பிறகும் இதைக் கண்டுபிடித்துவிடலாம். உங்கள் 1803-இலும் பின்னத்தைக் கவனியுங்கள். 000 என்று பதித்துவிட்டு அதன் மேலேயே 100 என்று திருத்திய வகை அந்த ஆண்டில் இருக்கிறது.

இனி தரம். 1 முதல் 70 வரையிலான அளவுகோலும் ஷெல்டன் வகுத்ததே, அதுவும் இந்த சென்ட்களுக்காகவே. இன்னது என்று அடையாளம் தெரிந்தால் போதும், 1 உண்டு. விளிம்பு தேய்ந்து எழுத்துகளைத் தின்றுவிட்டாலும் ஆண்டு படிக்க முடிந்தால் 3. தலையின் கோட்டுருவமும் ஆண்டும் பெரும்பாலான எழுத்தும் தெளிவாக இருந்தால் 4. முடியில் கொஞ்சம் இழை தெரிந்தால் 8. சில அச்சுகளில் பின்பக்கம் ஆழம் குறைவு, முன்பக்கத்துக்கு முன்பே அது மழுங்கிவிடும். அதையும் கணக்கில் சேர்த்தே தரம் சொல்ல வேண்டும்.

ஆனால் இந்த எண் தேய்மானத்தை மட்டும்தான் சொல்லும். செம்பைப் பொறுத்தவரை பரப்புதான் பெரிது. 1967-இல் தொடங்கிய ‘ஏர்லி அமெரிக்கன் காப்பர்ஸ்’ சங்கத்தார் முதலில் தெளிவுக்கு ஓர் எண் போடுவார்கள், பிறகு அரிப்பு, கீறல், அடிபட்ட இடம் ஆகியவற்றுக்காகக் குறைத்து நிகரத் தரம் சொல்வார்கள். உங்கள் 1803 தெளிவில் 8 இருக்கலாம். நீங்கள் சொல்லும் சொரசொரப்பு உண்மையென்றால் அது 4-க்கோ 3-க்கோ இறங்கும். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனங்கள் இத்தகைய நாணயத்துக்கு எண்ணே போடாமல், சேதக் குறிப்போடு அனுப்பிவிடுவது வழக்கம். என்னைக் கேட்டால், தெளிவு 8 என்று சொல்லப்படும் அரித்த நாணயத்தைவிட, வழவழப்பான பழுப்பில் சீராகத் தேய்ந்த 3 எவ்வளவோ மேல். கையில் பிடித்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

அந்தப் பச்சை, களிம்பு. விட்டுவைத்தால் மேலும் அரிக்கும். சைலீன் என்ற கரைப்பானில் ஊறவைத்து, இளகியதும் மரக்குச்சியாலோ ரோஜா முள்ளாலோ மெதுவாக நெம்பி எடுப்பது செம்பு சேகரிப்பாளர்களின் பழைய வழி. ஊசி, இரும்புக் கம்பி கூடாது. சைலீன் ஆவி கெடுதல், எளிதில் தீப்பற்றும். திறந்த இடத்தில், நெருப்பு அண்டாமல் செய்யுங்கள். களிம்பு போன இடத்தில் சிறு பள்ளம் தெரியலாம், அதற்கு மருந்து கிடையாது. பிறகு மெல்லிய முடித் தூரிகையால் தூசியைத் தட்டி, பருத்தி உறையில் போட்டு, சிலிகா ஜெல்லோடு ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம்.

தேய்ந்தவற்றையே தாராளமாகச் சேர்க்கலாம். 1802-இல் மட்டும் 34 லட்சத்துக்கு மேல் அச்சடித்ததாகக் கணக்கு. 1798, 1802, 1803 ஆகியவை தேய்ந்த நிலையில் எளிதாகக் கிடைப்பவை, கண்ணைப் பழக்க இவையே சரி. சேகரிப்பாளர்கள் தங்கள் தொகுப்பைப் பதிந்துவைக்கும் பிசிஜிஎஸ் பதிவேட்டில் மிகக் குறைந்த தரத்துக்காகவே போட்டியிடும் தொகுப்புகளும் இருக்கின்றன, ஆகவே நீங்கள் தனியாள் இல்லை. அரிதான 1793, 1799, 1804 என்று யாராவது மலிவாக நீட்டினால் மட்டும் நிதானியுங்கள். 1798-இன் கடைசி எட்டைச் செதுக்கி ஒன்பதாக்குவது பழைய வேலை. உண்மையான 1804-இல், ஆண்டின் பூஜ்யம் பின்பக்கத்தில் ‘ஆஃப்’ என்ற சொல்லின் ‘ஓ’ எழுத்துக்கு நேர் எதிரே அமையும். தேய்மானம் அதிகமாக ஆக, செதுக்கிய தடமும் மறைந்துவிடும். அதனால் இந்த மூன்று ஆண்டுகளை, அச்சு வகை எண்ணை எழுதிக் கொடுக்கும் வியாபாரியிடம் மட்டுமே வாங்குங்கள்.